ஆறாயிரத்து எழுநூறு அடி

1972ஆம் ஆண்டு ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறிலிருந்து லபாட் ஆர்கெஸ்ட்ராவின் கார்னெட் என்னும் பித்தளை ஊதுகருவியை ஓடில் ஆற்றின் மறுகரையில், அல்ஜியர்ஸ் பகுதியிலிருந்த தன் வீட்டுச் சமையலறையில் நின்று வாசித்தாள். மற்ற ஆறு பேரும் நியூ ஆர்லியன்ஸின் ட்ரெமே பகுதியில், நல்லெண்ணச் சங்கக் கூடத்தில் வாசித்தார்கள். நடுவில் மிசிசிப்பி ஓடியது. தூரம் ஆறாயிரத்து எழுநூறு அடி. ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க ஆறு விநாடி ஆக வேண்டும். ஆகவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கார்னெட் தாளம் பிசகாமல், மற்ற கருவிகளோடு சேர்ந்தே கேட்டது. பியானோ வாசித்த நூமா லபாட் நிறுத்தற்கடிகாரத்தை இரண்டு முறை பழுதுபார்க்கக் கொடுத்தார். இரண்டு முறையும் கடிகாரத்தில் ஒரு குறையும் இல்லை என்று திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அவர் அளப்பதை விட்டுவிட்டார்.

நூமா முப்பது வருடம் மருந்துக்கடை நடத்தியவர். சிறு வயதில் நெஞ்சுச்சளி அதிகம் என்று அவரைத் தெருவில் விட மாட்டார்கள். வீதியில் வாத்தியக் குழுக்கள் போனபோதெல்லாம் அவர் ஜன்னல் சாத்திய அறையில் இசைத்தட்டு கேட்டுக்கொண்டிருந்தார். கடையை விற்றபோது அவரிடம் இருநூற்றுப் பதினோரு தட்டுகள் இருந்தன. எல்லாம் மைக் வருவதற்கு முன் பதிவானவை. அந்த நாட்களில் வாசிப்பவர்கள் ஒரு பெரிய தகரப் புனலின் முன் நிற்பார்கள். புனலின் ஒடுங்கிய முனையில் ஓர் ஊசி மெழுகைக் கீறும். மெல்லிய ஒலி உள்ள கருவிகள் புனலுக்கு அருகில், உரத்தவை தள்ளி. பெரிய டிரம்மை அடித்தால் ஊசி குதித்துவிடும் என்பதால் அதை அறைக்குள்ளேயே விட மாட்டார்கள். டிரம் வாசிப்பவர் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டிருப்பார். ஒரு தட்டில் மூன்று நிமிடம் பத்து விநாடிக்கு மேல் இடமில்லை, பாட்டும் அத்துடன் முடிந்துவிடும். 1966இல் நூமா அந்தப் பழைய ஜாஸை அப்படியே மேடையில் வாசிக்க ஒரு குழு சேர்த்தார். அப்படியே என்றால் அப்படியேதான். கூடத்தின் நடுவில் எதனோடும் இணைக்காத ஒரு தகரப் புனலைத் தொங்கவிட்டார். தரையில் சாக்கட்டியால் கோடு போட்டார். கிளாரினெட்டுக்கு மூன்று அடி, பாஞ்சோவுக்கு நான்கு, டிராம்போனுக்கு எட்டு, கார்னெட்டுக்குப் பதினைந்து. பெரிய டிரம்மை நடைவழியில் வைக்கச் சொன்னார். எல்லாப் பாட்டும் மூன்று நிமிடம் பத்து விநாடி, இடையில் ஒரு நிமிடம் கைத்தட்டலுக்கு.

கிளாரினெட் வாசித்த எவரிஸ்டுக்கு இது சிரிப்பாக இருந்தது. அவருடைய சித்தப்பா அந்தக் காலத்தில் கார்னெட் ஊதியவர்.

"நூமா, மெஷினுக்குத் தாங்கலன்னுதான்யா எங்க சித்தப்பாவ சுவரோரம் நிக்க வெச்சாங்க. தெருவுல அவரு முன்வரிசை. அவரு ஊத ஆரம்பிச்சா ரெண்டு தெரு தள்ளிப் படுத்திருக்கற நாய்கூட எழுந்து போயிடும்."

"தெருவுல ஊதினது காத்தோட போச்சு, எவரிஸ்ட். தட்டுல இருக்கறதுதான் இருக்கு."

"அப்ப இந்த மரங்கொத்தி என்ன பண்ணுவான்?" என்று எவரிஸ்ட் டிரம் வாசிக்கும் வெண்டெலைக் காட்டினார். வெண்டெல் ட்ராம் ஓட்டுபவன், ஆறடி இரண்டங்குலம். மடியில் இரண்டு சிறிய மரக்கட்டைகளோடு உட்கார்ந்திருந்தான்.

"கொத்துவேன். வேற என்ன," என்றான் வெண்டெல்.

ஓடில் குழுவில் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் போர்வைகளும் விரிப்புகளும் துவைக்கும் வேலை. மதிய இடைவேளையில், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களுக்கு நடுவே நின்று கார்னெட் பழகியவள். அந்த இரைச்சலில் தன் காதுக்கு எட்டும்படி ஊதிப் பழகியதால், தான் எவ்வளவு உரக்க ஊதுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. முதல் ஒத்திகையில் பதினைந்து அடி கோட்டில் நின்று ஊதினாள். நூமா கண்ணை மூடிக் கேட்டார். இசைத்தட்டில் கார்னெட் அப்படி இருக்காது. பக்கத்து அறையில் யாரோ உங்களை நினைத்துக்கொண்டிருப்பதைப் போல இருக்கும் என்று அவர் சொல்வதுண்டு.

"கொஞ்சம் பின்னாடி போம்மா," என்றார்.

அவள் போனாள். அவளுக்கு அது ஒருவகையில் நிம்மதியாகவும் இருந்தது. பின்னால் நிற்பவளை யாரும் பார்ப்பதில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்குள் பின்சுவர் வந்துவிட்டது. அடுத்த வசந்தத்தில் வாசற்படி. அதற்கு அடுத்த ஆண்டு நடைபாதையில், ஓக் மரத்தடியில். 1969இல் எதிர்ச்சாரியில் இருந்த முடிதிருத்தும் கடை வாசல். கடைக்காரர் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார், கூட்டம் வருகிறது என்று அவருக்கு மகிழ்ச்சி. ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்று ஓடில் நினைத்தாள். ஒவ்வொரு முறையும் கார்னெட் சற்றுக் கூடுதலாகத் தட்டில் உள்ளதைப் போல ஆனது, அதனால் நூமா இன்னும் கொஞ்சம் போகச் சொன்னார். 1970இல் ராம்பார்ட் தெரு முனை. 1971இல் ஆற்றங்கரை மேடு. அங்கே காற்று அதிகம். சரக்குக் கப்பல்களில் போகிறவர்கள் கையசைத்தார்கள். அவள் வாயில் கார்னெட் இருந்ததால் திருப்பிக் கையசைக்க முடியவில்லை.

ஆற்றைத் தாண்டுவதற்கு முன் குழு வாசிப்பதை அவள் கடைசியாகக் கேட்டது முடிதிருத்தும் கடை வாசலில்தான். லாரி எதுவும் போகாத நேரத்தில் எவரிஸ்டின் கிளாரினெட்டில் ஓர் உச்ச ஸ்வரம் மட்டும் கதவிடுக்கு வழியாக வந்தது. பின்னாளில் சலவைக்கூடத்தில் நின்று அவள் நினைத்துக்கொண்டதெல்லாம் அந்த ஒரு ஸ்வரத்தைத்தான்.

1972 ஈஸ்டர் அன்று நூமா நகர வரைபடத்தை பியானோ மேல் விரித்தார்.

"உன் வீடு எங்கம்மா, ஓடில்?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம், மிஸ்டர் லபாட். அல்ஜியர்ஸ்ல, பெலிகன் அவென்யூ."

அவர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். "சரியா இருக்கும்."

"அங்கேருந்து ஊதினா உங்களுக்குக் கேக்குமா?"

"கேக்கும்."

"எனக்கு?"

நூமா வரைபடத்தை மடித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் அது விழவில்லை, அல்லது மருந்து அளப்பவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக அவருக்கு அது படவில்லை.

அதன்பின் ஒவ்வொரு வியாழனும் ஓடிலுக்கு ஓர் அஞ்சலட்டை வரும். ஞாயிற்றுக்கிழமையின் எட்டுப் பாட்டுகள் வரிசையாக எழுதியிருக்கும், வேறொன்றும் இருக்காது. சனிக்கிழமை தொலைபேசியில் இருவரும் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்வார்கள். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அவள் சமையலறை ஜன்னலைத் திறந்து, ஆற்றைப் பார்த்து நின்று தொடங்குவாள். ஆற்றைத் தாண்டிய முதல் நாளே அவளுக்கு ஒன்று தெரிந்துவிட்டது. ஊதியபோது அடுப்படியில் ஒரு சத்தமும் இல்லை. மூச்சு உள்ளே போனது, விரல்கள் நகர்ந்தன, பித்தளை கைக்குள் அதிர்ந்தது, ஒலி மட்டும் அக்கரையில் இருந்தது. வார நாட்களில் அவள் பழகும்போதும் அப்படித்தான். சங்கக் கூடத்தைப் பெருக்குபவர் செவ்வாயும் வெள்ளியும் காலியான கூடத்தில் கார்னெட் கேட்டு, அந்தத் தாளத்துக்குத் துடைப்பத்தை இழுத்தார். வேலை சீக்கிரம் முடிகிறது என்றார்.

மூன்று நிமிடம் பத்து விநாடி ஊதுவாள். பிறகு ஒரு நிமிடம் நிற்பாள். அந்த ஒரு நிமிடத்தில் அக்கரையில் கைதட்டுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். இங்கே தண்ணீர்க் குழாய் சொட்டும். பதினேழு சொட்டு விழுந்ததும் அடுத்த பாட்டைத் தொடங்குவாள். நான்கு ஆண்டுகள் இப்படிப் போயின. அவளுக்கு மேடை வேண்டாம், பெயர் வேண்டாம், முன்வரிசையும் வேண்டாம். அந்த ஆறு பேருக்கு நடுவில் தான் எப்படிக் கேட்கிறோம் என்று ஒரே ஒரு முறை கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

1976இல் அதைக் கேட்டு நூமாவுக்குக் கடிதம் எழுதினாள். நான்கு வரி எழுத நான்கு நாளானது. நூமா மறுக்கவில்லை. பதினைந்து அடியில் பழைய சாக்கட்டிக் கோட்டைத் திரும்பப் போட்டு வைத்தார். ஓடில் நீல உடுப்பு அணிந்து, படகில் ஆற்றைக் கடந்து போனாள். மூன்று மணிக்குக் குழு தொடங்கியது. அவள் ஊதினாள். கூடத்தில் கார்னெட் கேட்கவில்லை. இன்னும் பலமாக ஊதினாள். கன்னம் உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது. பார்வையாளர்கள் அவளை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவரிஸ்ட் வாசித்துக்கொண்டே திரும்பிப் பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். எட்டுப் பாட்டும் கார்னெட் இல்லாமலே முடிந்தன.

மறுநாள் காலை, பக்கத்து வீட்டு மிஸ் கொரீன் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"ஏ பொண்ணே! நேத்து என்னமா ஊதின! நாலு வருஷமா சத்தமே காணோமே, விட்டுத் தொலைச்சிட்டியோன்னு நெனச்சேன். ஆனா வீட்டப் பூட்டிக்கிட்டா ஊதுவ?"

"நேத்து நான் வீட்லயே இல்லையே, மிஸ் கொரீன்."

"அதான் பாத்தேன், சன்னல் எல்லாம் சாத்திக் கெடந்துச்சு." மிஸ் கொரீன் கொஞ்சம் யோசித்தாள். "இருந்தா என்ன. நல்லாத்தான் இருந்துச்சு."

ஓடிலின் கார்னெட் அவளிடமிருந்து ஆறாயிரத்து எழுநூறு அடி தள்ளிக் கேட்பதற்குப் பழகிவிட்டது என்று அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. அடுத்த ஞாயிறு அவள் சமையலறைக்குத் திரும்பினாள். கூடத்தில் கார்னெட் கேட்டது. சாக்கட்டிக் கோட்டை யாரோ துடைத்துவிட்டார்கள்.

1979இல் வெண்டெல் ஒரு ரெக்கார்டர் வாங்கினான். அதைப் பியானோவின் அடியில் வைத்து ஒரு ஞாயிறு முழுவதையும் பதிவு செய்தான். வீட்டில் போட்டுப் பார்த்தபோது ஆறு பேரும் இருந்தார்கள். கார்னெட் வர வேண்டிய இடங்களிலெல்லாம் ஒரு சமையலறையின் அமைதி பதிவாகியிருந்தது. சுவர்க்கடிகாரம், தொலைவில் ஒரு படகின் ஊதல், பலகை கிறீச்சிடும் சத்தம், சொட்டும் குழாய். வெண்டெல் அதை மூன்று முறை கேட்டான். யாரும் யாரோடும் பேசாத வீடு அது என்று பதிவிலேயே தெரிந்தது. திங்கட்கிழமை அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு படகேறினான்.

"என்ன வெண்டெல், யாருக்காச்சும் உடம்பு சரியில்லயா?" என்று ஓடில் கதவைப் பாதி திறந்து கேட்டாள்.

"உன் குழாய்க்குத்தான் சரியில்ல. ஊரே கேக்குது. தள்ளு."

"மிஸ்டர் லபாட் அனுப்பினாரா?"

"அவருக்குச் சொட்டுச் சத்தம் புடிச்சிருக்கும். பழைய ஸ்டைல்னு இன்னும் ரெண்டு குழாயத் தொறந்து விடச் சொல்வாரு."

ஓடில் சிரித்தாள். சிரித்துப் பல நாள் ஆனதால் அது இருமலைப் போல வந்தது. வெண்டெல் குழாயைச் சரிசெய்தான். அன்று திங்கட்கிழமை, அந்த ஊர் வழக்கப்படி அடுப்பில் சிவப்பு பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு தட்டு சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனான். அடுத்த திங்கட்கிழமையும் வந்தான். பழுதாக எதுவும் இல்லை. சாப்பிட்டான். ஒவ்வொரு திங்களும் நேற்று யார் எங்கே தடுக்கினார்கள், எவரிஸ்ட் எந்த இடத்தில் கூடுதலாக இழுத்தார், எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்வான். அவள் எப்படி ஊதினாள் என்று மட்டும் அவனுக்குச் சொல்ல வராது.

"எப்டித்தான் இருந்துச்சு? சொல்லேன்," என்பாள் ஓடில்.

"நல்லா இருந்துச்சு."

"அது போன வாரமும் சொன்ன."

"போன வாரமும் நல்லா இருந்துச்சே, நான் என்ன பண்ண? நான் மரக்கட்ட தட்டறவன். எங்கிட்ட வந்து கேக்கறியே."

குழாய் சொட்டுவது நின்றதால் ஓடிலுக்கு இப்போது அந்த ஒரு நிமிடத்தை எண்ண எதுவும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முன்னைவிட அது நீளமாக இருந்தது.

1981 அக்டோபரில் சங்கக் கூடத்தின் நடைவழியைக் காலி செய்யச் சொன்னார்கள், நாற்காலிகள் அடுக்க இடம் வேண்டுமாம். வெண்டெலின் பெரிய டிரம் பதினைந்து ஆண்டுகளாக அங்கேதான் நின்றது. யாரும் அடிக்காததால் அதன் தோல் புதிதாகவே இருந்தது. வெண்டெலின் வீடு ரயில்பெட்டியைப் போல அறைக்குப் பின் அறையாக ஒடுங்கியது, மூன்று பிள்ளைகள், மாமியார் வேறு. டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு படகேறி, அல்ஜியர்ஸில் இறங்கி, பெலிகன் அவென்யூவில் நடந்து வந்தான்.

"கொஞ்ச நாளைக்கு இங்க இருக்கட்டும். சாப்பாடு கேக்காது," என்றான்.

அதை அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவில் சுவரோரமாகத் தோல் மேலே இருக்கும்படி படுக்க வைத்தார்கள். அதற்குப் பிறகு சமையலறையில் ஓர் ஆள் நிற்க மட்டும் இடம் இருந்தது.

அந்த ஞாயிறு மூன்று மணிக்கு ஓடில் வழக்கம்போலத் தொடங்கினாள். முதல் பாட்டு சத்தமில்லாமல் முடிந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் எங்கோ கிளாரினெட் கேட்டது. மிஸ் கொரீன் ரேடியோ வைத்திருக்கிறாள் என்று நினைத்தாள். பிறகு பாஞ்சோ வந்தது, அதன் கீழே ட்யூபா, பிறகு ஒரு மரக்கட்டையின் டக் டக். ரேடியோவில் மரக்கட்டை தட்டுபவர் யாரும் இல்லை. ஓடில் திரும்பிப் பார்த்தாள். டிரம்மின் தோல் நடுங்கிக்கொண்டிருந்தது. மேலே தூசி வட்டம் வட்டமாக ஒதுங்கி நின்றது. சலவைக்கூடத்துக்கு வருமுன் அவள் பள்ளியில் விஞ்ஞானப் பாடத்தில் தகட்டில் மணலைத் தூவி அப்படி வட்டங்கள் பார்த்திருக்கிறாள். அவள் கார்னெட்டை இறக்கிவிட்டுக் குனிந்து தோலில் காதை வைத்தாள்.

அங்கே ஆறு பேரும் இருந்தார்கள். நூமாவின் இடது கை வலது கையைவிட ஒரு நூல் அவசரப்பட்டது. எவரிஸ்டுக்கு வயதாகிவிட்டது, உச்ச ஸ்வரத்துக்கு முன் சின்னதாக மூச்சு வாங்கினார். எல்லோரும் ஒருவரோடு ஒருவர் உரசிக்கொண்டு வாசித்தார்கள், நடுவில் மட்டும் ஓர் இடத்தை விட்டிருந்தார்கள். யாரும் அதற்குள் வரவில்லை. டிராம்போன் அதன் விளிம்புவரை வந்துவிட்டுத் திரும்பியது. கிளாரினெட் அதைச் சுற்றிக்கொண்டு போனது. பாட்டின் மெட்டு ஒரு முழுச் சுற்று வரும்வரை அந்த இடம் காலியாகவே நகர்ந்தது. அந்தக் காலியிடம் சரியாகத் தன்னுடைய அளவுக்கே இருப்பதை ஓடில் கண்டாள். பத்தாண்டுகளாக ஒவ்வொரு ஞாயிறும் அதை அப்படியே வைத்திருந்திருக்கிறார்கள்.

அடுத்த சுற்று தொடங்கியபோது அவள் கார்னெட்டை எடுத்து அந்த இடத்துக்குள் ஊதினாள். டிரம்மின் தோலிலிருந்து அவளே அவளுக்குக் கேட்டாள். பக்கத்து அறையில் யாரோ உங்களை நினைத்துக்கொண்டிருப்பதைப் போல இருந்தது. நூமா சொன்னது சரிதான். அதற்காக அவர்மேல் இருந்த வருத்தம் போய்விடவில்லை. பாட்டு முடிந்தது. ஒரு நிமிட இடைவெளியில் தோலின்மேல் மழை விழுவதைப் போலச் சத்தம் வந்தது. அது கைத்தட்டல் என்று தெரிய அவளுக்குச் சிறிது நேரமானது. கார்னெட்டைப் பிடித்தபடி, அடுப்புக்கும் டிரம்முக்கும் நடுவில், தலையை லேசாகக் குனிந்து நின்றாள்.

மறுநாள் வெண்டெல் வந்ததும் வராததுமாகக் கேட்டான்.

"நேத்து ரெண்டாவது பாட்டுல எங்க போய்த் தொலைஞ்ச? ஒரு சுத்து முழுக்க ஆளக் காணோம். நூமாவுக்கு மூஞ்சி வெளுத்துப்போச்சு."

"கேட்டுக்கிட்டிருந்தேன்."

"எத?"

அவள் டிரம்மைக் காட்டினாள். வெண்டெல் அதைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். தோலை விரலால் சுண்டப் போனவன் கையை இழுத்துக்கொண்டான்.

"உள்ள நான் எப்டி இருந்தேன்?"

"நல்லா இருந்துச்சு," என்றாள் ஓடில்.

"அடிப்பாவி."

பீன்ஸ் வெந்துவிட்டதா என்று அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். வெண்டெல் டிரம்மைத் திரும்ப எடுத்துப் போவதைப் பற்றிப் பேசவில்லை, பிறகும் பேசியதில்லை. அதை ஒரு முறையாவது அடித்துப் பார்க்கலாமா என்று ஒரே ஒரு திங்கட்கிழமை கேட்டான். வேண்டாம் என்றாள். சரி என்று, கொண்டுவந்திருந்த அடிகோலைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அந்த ஞாயிறுக்குப் பின் ஒவ்வொரு வாரமும் அதே பாட்டின் நடுவில் ஒரு சுற்று கார்னெட் நின்றது. நூமா தன் இருநூற்றுப் பதினோரு தட்டுகளையும் போட்டுப் பார்த்தார். எதிலும் அப்படி இல்லை. ஆனால் அந்த ஒரு சுற்றில் கூடம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொள்வதை அவர் கவனித்திருந்தார். மருந்து வேலை செய்கிறது என்றால் அதில் கைவைக்காதவர் அவர். இசைத்தாளில் பென்சிலால் "இங்கே கார்னெட் இல்லை" என்று எழுதினார். எந்தக் கருவி எத்தனை அடி தள்ளி என்று குறித்துவைத்த வரைபடத்தில் கடைசியாக ஒரு வரி சேர்த்தார்: பெரிய டிரம், ஆறாயிரத்து எழுநூறு அடி, கார்னெட்டின் அருகில்.

நூமா 1986இல் இறந்தார். தட்டுகளும் இசைத்தாள்களும் வரைபடமும் சங்கக் கூடத்தில் இருக்கின்றன. பழைய ஜாஸ் வாசிக்கும் குழுக்கள் சிகாகோவிலிருந்தும் ஸ்டாக்ஹோமிலிருந்தும் வந்து அவற்றைப் பிரதி எடுத்துப் போகின்றன. இன்று அந்தப் பாட்டை எந்த ஊரில் யார் வாசித்தாலும் நடுவில் ஒரு சுற்று கார்னெட் நின்றுவிடும். ஏன் என்று கேட்டால் அந்தக் காலத்துப் பாணி அதுதான் என்கிறார்கள். அல்ஜியர்ஸில் அந்த ஒரு சுற்று முழுவதும் ஓடில் கார்னெட்டை மடியில் வைத்துக்கொண்டு, டிரம்மின் தோலில் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.